டிஎன் 60இலிருந்து கேஎல் 39 வரை

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். வேலை காக்கநாடு இன்போபார்க்கில் பொட்டி தட்டுவது. வீடு திருப்பூணித்துறை. 2010இல் இங்கே வந்தபோது கொண்டுவந்தவை இரண்டு சூட்கேஸ், ஒரு கிரைண்டர், அப்பா ஓய்வு பெற்றபோது வந்த காசில் 2008இல் வாங்கிய ஒரு ஆல்ட்டோ. தேனியில் பதிவு செய்த வண்டி. டிஎன் 60.

நம்ம ஊரில் ஓட்டத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எங்கேயும் ஓட்டலாம் என்று ஒரு மிதப்பு இருந்தது. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு நடுவில் ஓட்டிப் பழகினவன் நான். அங்கே சட்டம் தெரியாதவன்கூட ஒரு சட்டத்தை மதிப்பான். குறுகின மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். இது ஏதோ ஜீப் டிரைவர்கள் வைத்த வழக்கம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1989இல் வந்த சாலை விதிகளில் அப்படியே எழுதியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

கொச்சி சமதளம். அதனால் அந்த ஞானம் இங்கே செல்லாக்காசு. முதல் வாரமே இரும்பனம் பக்கம் எண்ணெய் டேங்கர் வரிசைக்குப் பின்னால் பொறுமையாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு தனியார் பஸ் ஏர் ஹார்னை அழுத்தியபடி வந்து, என்னையும் டேங்கரையும் சேர்த்துத் தாண்டி, நூறு அடி தள்ளி இருந்த ஸ்டாப்பில் சடாரென்று ஒதுங்கி நின்றது. பின் படியில் தொங்கிக்கொண்டிருந்த பையன் (இவர்களுக்கு இங்கே 'கிளி' என்று பெயர், பொருத்தமான பெயர்) பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினான், மறுபடி பறந்துவிட்டது. நான் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் ஆபீஸில் புலம்பினேன். "அது அங்ஙனயாணு" என்று சிரித்தார்கள். அது அப்படித்தானாம். ஏன் அப்படி என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஏன் என்று தேடப் போய்த்தான் இந்த ஊர்ச் சரித்திரத்துக்குள் விழுந்தேன்.

முதலில் பஸ் கதை. மதுரைக்காரர்களுக்குத் தெரியும், 1912இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அங்கே பஸ் ஓட்டத் தொடங்கினார். அடுத்த அறுபது வருஷம் எங்கள் பக்கம் பஸ் என்றால் டிவிஎஸ்தான், கடிகாரத்தை அதைப் பார்த்துத் திருத்தலாம் என்று தாத்தா சொல்வார். 1972இல் தமிழக அரசு பேருந்துகளை நாட்டுடைமை ஆக்கியபோது மதுரையில் பாண்டியன் ரோட்வேஸ் வந்தது. நான் பிறந்து வளர்ந்தது முழுக்க அரசு பஸ் காலம். டிரைவருக்கு மாதச் சம்பளம். பின்னால் வரும் பஸ் முந்தினால் அவருக்கு என்ன நஷ்டம்? டீ குடித்துவிட்டு மெதுவாக எடுப்பார்.

கேரளத்தின் தென் பாதி கதையும் கிட்டத்தட்ட இதேதான், சொல்லப்போனால் நமக்கு முன்னோடி. திருவிதாங்கூர் சமஸ்தானம் லண்டன் பேருந்து நிர்வாகத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரை வரவழைத்து, 1938 பிப்ரவரியில் அரசு பஸ் ஓட்டத் தொடங்கியது. அந்தத் துறைதான் 1965இல் கேரள மாநிலப் போக்குவரத்துக் கழகம் ஆனது. திருவனந்தபுரத்துக்குப் போனால் சாலை எல்லாம் அரசு பஸ்தான் தெரியும். கொச்சி வேறு சமஸ்தானம். இங்கே நகர பஸ் பெரும்பாலும் தனியார் கையிலேயே தங்கிவிட்டது. டிரைவர், கண்டக்டர், கிளி மூவருடைய படியும் அன்றைய கலெக்‌ஷனைப் பொறுத்தது. முன்னால் போகிற பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஆளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டால் பின்னால் வருகிறவருக்கு வெறும் ஸ்டாப்தான் மிச்சம். அந்த ஏர் ஹார்ன் எனக்கு அடித்தது இல்லை, முன்னால் போன இன்னொரு பஸ்ஸுக்கு அடித்தது. இது புரிந்த பிறகு எனக்குக் கோபம் பாதி குறைந்தது. பயம் குறையவில்லை. சிவப்பாக இருந்த நகர பஸ்களுக்கு 2018இல் பச்சை அடித்தார்கள், வேகம் என்னமோ பழைய சிவப்பு வேகம்தான்.

இப்போது சமஸ்தானம் என்ற சங்கதிக்கு வருவோம். இன்றைக்குக் கொச்சி ஒரே ஊர். கோட்டைக் கொச்சியில் சீன வலை பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து, பத்து நிமிஷத்தில் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போய்விடலாம். பிரிட்டிஷார் இருந்தவரை அந்தப் பத்து நிமிஷத்தில் நீங்கள் ஒரு அரசாங்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயிருப்பீர்கள். கோட்டைக் கொச்சி 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிறகு அது மலபார் மாவட்டத்தில் சேர்ந்தது. அதாவது சென்னை மாகாணம்! கலெக்டர் கோழிக்கோட்டில், கவர்னர் சென்னையில். பக்கத்திலேயே இருந்த மட்டாஞ்சேரியும், காயலுக்கு இந்தப் பக்கம் எர்ணாகுளமும் திருப்பூணித்துறையும் கொச்சி ராஜாவுடையவை. கொஞ்சம் வடக்கே இடப்பள்ளி, ஆலுவா போனால் திருவிதாங்கூர். மூன்று அரசாங்கம், மூன்று கஜானா, ஒரே காயல்.

மூன்று கஜானா என்றால் மூன்று சுங்கம். மிளகு மூட்டையும் தேங்காயும் ஒவ்வொரு எல்லையிலும் சவுக்கையில் நின்று காசு கட்டிவிட்டுத்தான் நகரும். இதற்கு ஒரு வழி பிறந்தது 1865இல். பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் ஒரு வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டு, தங்களுக்குள் இருந்த உள்நாட்டுச் சுங்கத்தை எடுத்தன. அப்போது கொச்சி திவான் சங்குண்ணி மேனன். திருவிதாங்கூர் திவான் யார் தெரியுமா? கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். நம்ம காவிரிக்கரை ஆள். வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் வரிசையில் நமக்கு நல்ல முன்னோர்கள் உண்டு. பின்னால் 1935 முதல் 1941 வரை கொச்சிக்குத் திவானாக இருந்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர்.

சரக்குக்குச் சவுக்கை போயிற்று. ஆனால் அரை நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்தது, வேறொரு சவுக்கையும் கூடவே வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 1914இல் ஒரு மோட்டார் வண்டிச் சட்டம், 1939இல் இன்னொன்று. சமஸ்தானங்களை அவை கட்டுப்படுத்தாது, அவற்றுக்கு அவற்றின் விதி. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1 அன்று மலபாரும் சேர்ந்து கேரளம் ஆயிற்று. கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மூன்று நகராட்சியும் ஒரே மாநகராட்சி ஆக 1967 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திருப்பூணித்துறை இன்னும் அதில் சேரவில்லை, தனி நகராட்சி. ராஜகுடும்பத்தின் ஊர் அல்லவா, கொஞ்சம் பிகு இருக்கும். கிழக்கேகோட்டை, வடக்கேகோட்டை என்று பெயர்கள் இன்னும் கோட்டையைச் சொல்கின்றன, சாலையும் ராஜா காலத்து அகலத்தைச் சொல்கிறது. 1902இல் ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் கொண்டுவர, அன்றைய ராஜா பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். பதினைந்தில் பதினாலு போயிற்றாம்.

முதல் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை எட்டரைக்கு வண்டியை எடுத்தேன். ஸ்டேச்சு ஜங்ஷனுக்கு முன்னாலேயே கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். யானை, செண்டை, புலி வேஷம், அலங்கார வண்டி. அத்தச்சமயமாம். ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் அத்தம் நட்சத்திரத்தன்று ராஜா பரிவாரத்தோடு வீதியுலா வருவது பழைய வழக்கம். 1949இல் ராஜ்யம் போனதும் அது நின்றது, 1961இல் மக்கள் விழாவாகத் திரும்பி வந்தது. "ஆபீஸ் போகணும் சேட்டா" என்றேன் கயிறு பிடித்திருந்தவரிடம். அவர் என்னைப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "இன்னு லீவாணு சாரே" என்றார். உண்மைதான், உள்ளூர் விடுமுறை. எங்கள் கம்பெனிக்குத்தான் தெரியாது. அடுத்த வருஷத்திலிருந்து நானும் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

நம்பர் பிளேட் என்றேன் அல்லவா, அதுதான் மேட்டர். 2011 அக்டோபரில் பேட்டை ஜங்ஷன் பக்கம் ஒரு அதிகாரி கை காட்டினார். "வண்டி ஒதுக்கூ." இது நமக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரியும். "புக்கும் பேப்பரும் எடுக்கூ." இதுவும். அடுத்து, "தமிழ்நாடு வண்டியாணல்லோ. எத்ர நாளாயி இவிடெ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்குகிறது, பின் சீட்டில் திருப்பூணித்துறை கடைப் பையில் நேந்திரங்காய். ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றேன். அபராதம் போடவில்லை. பொறுமையாகப் பாடம் எடுத்தார். லைசென்ஸ் எங்கே எடுத்தாலும் நாடு முழுக்கச் செல்லும். வண்டி அப்படி இல்லை. இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஊரிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். வரி தனி. "வேகம் செய்யணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தேடினால், 1988 சட்டத்தின் 47ஆம் பிரிவு. பன்னிரண்டு மாதக் கணக்கு 1939 சட்டத்திலேயே இருந்ததுதான். ஏன் இப்படி? வண்டிச் சட்டம் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஆளும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வண்டி மேல் வரி போடும் அதிகாரம் மாநிலப் பட்டியலில், 57ஆவது இனம். தமிழ்நாட்டுக்கு 1974இல் ஒரு வரிச் சட்டம், கேரளத்துக்கு 1976இல் ஒன்று. அப்பா தேனியில் கட்டிய ஆயுள் வரி தமிழ்நாட்டுச் சாலைக்கு. கேரளச் சாலையைத் தேய்க்கிறேன் என்றால் கேரளத்துக்குக் கட்ட வேண்டும், அங்கே மிச்ச வருஷத்துக்குத் திரும்பக் கேட்டு மனுப் போட வேண்டும். 1865இல் எடுத்த சவுக்கையை மூட்டையிலிருந்து வண்டிக்கு மாற்றி வைத்த மாதிரி எனக்குத் தோன்றியது. நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன், சாலை போட யாராவது காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவஸ்தை மட்டும் வண்டிக்காரனுக்கு. வரி குறைந்த புதுச்சேரியில் சொகுசுக் காரைப் பதிந்துவிட்டுக் கேரளத்தில் ஓட்டினவர்கள் கதை 2017இல் இங்கே பெரிய செய்தியாக வந்தது. எங்க ஆல்ட்டோவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். சான்று வாங்க அவர்தான் தேனிக்கு அலைய வேண்டும். "நம்பரை மாத்தணுமா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, பாக்கலாம்யா."

பார்ப்பதற்குள் நவம்பர் வந்துவிட்டது. 2011 நவம்பர், டிசம்பர் என்றால் தேனிக்காரனுக்கும் இடுக்கிக்காரனுக்கும் சொல்ல வேண்டாம். முல்லைப் பெரியாறு. இடுக்கியில் நில அதிர்வு, அணை உடையும் என்று அங்கே பீதி. தண்ணீர் போய்விடும் என்று இங்கே பீதி. எங்கள் பக்கம் 1895இல் அந்த அணையைக் கட்டி முடித்த பென்னிகுக்கின் படத்தைச் சாமி படத்தோடு மாட்டியிருப்பார்கள், அந்த அளவுக்கு அது வயிற்று விஷயம். கொச்சியில் என் பக்கத்து வீட்டு சேச்சிக்கு அது உயிர் விஷயம், அணைக்குக் கீழே அவருக்குச் சொந்தக்காரர்கள். குமுளி வழி அடைபட்டது. எல்லை தாண்டின வண்டிகள் கண்ணாடி உடைந்து திரும்பின. தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் மலை இறங்கி ஓடிவந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான், டிசம்பர் இரண்டாம் வாரம், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அம்மா போன் செய்தார்.

என் வீட்டுப் பக்கம் போகிற ரோடு அன்றைக்கு என்எச் 49, இப்போது 85. கொச்சி, மூவாற்றுப்புழை, கோதமங்கலம், நேரியமங்கலம், மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை, ராமேஸ்வரம், தனுஷ்கோடி. வாசலிலிருந்து ஒரே ரோட்டில் திரும்பாமல் போனால் அப்பா வீடு. 1924 வெள்ளத்தில் பழைய மூணாறு ரோடு அழிந்துபோய், புது ரோடு போட்டு, 1935இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் வளைவுப் பாலம் கட்டித் திறந்தார்கள். அந்தப் பாலத்தைத் தாண்டினால் எனக்குப் பாதி ஊர் வந்த மாதிரி. ஆறு மணி நேரம், அவ்வளவுதான்.

அன்று அந்த ரோட்டில் போக முடியவில்லை. டிஎன் 60 பிளேட்டோடு இடுக்கி ஏற முடியாது. கேஎல் பிளேட்டாக மாற்றியிருந்தால் இடுக்கி தாண்டியிருப்பேன், போடியில் இறங்க முடியாது. எந்த நம்பர் இருந்தாலும் பாதி வழிதான். சேச்சியின் கணவர், "மோனே, வண்டி இவிடெ கிடக்கட்டெ" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அவரே திருச்சூர் பஸ் ஏற்றிவிட்டார். பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், தேனி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு முதலில் கேட்டது, "வண்டியிலயா வந்த?"

பயந்தேனா என்றால், ஆமாம். ஆனால் அந்த ஒன்றரை மாதமும் திருப்பூணித்துறைத் தெருவில் டிஎன் 60 நின்றது, யாரும் ஒரு கீறல் போடவில்லை. சேச்சியின் கணவர் இரவில் மட்டும் தன் கேட்டுக்குள் ஏற்றி விட்டிருக்கிறார், அதையும் நான் வந்த பிறகுதான் சொன்னார். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு எண் கொண்ட பஸ்களை வரிசையாக எரித்த படத்தை டிவியில் பார்த்தபோது எனக்கு அந்தக் கேட்தான் ஞாபகம் வந்தது. பிளேட் என்பது வரி ரசீது என்றுதான் சட்டம் நினைக்கிறது. கலவரக்காரன் அதை ஜாதகம் மாதிரி படிக்கிறான்.

2012 கோடையில் சான்று கையில் வந்தது. வரி கட்டி, வண்டியைக் காட்டி, கேஎல் 39 வாங்கினேன். திருப்பூணித்துறைக்கு 39, மட்டாஞ்சேரிக்கு 43, எர்ணாகுளத்துக்கு 7. பழைய மூன்று ராஜ்யங்கள் நம்பராக வந்து நிற்பதுபோல எனக்கு ஒரு பிரமை, உண்மையில் அது அலுவலகக் கணக்கு மட்டும்தான். பழைய பிளேட்டை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். மாட்டுக்கொட்டகைக் கதவில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.

புது நம்பரோடு முதல் தடவை போடிமெட்டு இறங்கினபோது, தமிழ்நாட்டுப் பக்கம் செக்போஸ்ட்டில் ஒருவர் குனிந்து பார்த்து உடைந்த மலையாளத்தில், "எவிடெ போகுன்னு?" என்றார். "வீட்டுக்குண்ணே, போடிக்கு" என்றேன். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது, பாவம்.

இப்போது பையன்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 2021 செப்டம்பரிலிருந்து பிஎச் வரிசை வந்திருக்கிறது. நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள கம்பெனிக்காரர்களும் அரசு ஊழியர்களும் வாங்கலாம், வரியை இரண்டிரண்டு வருஷமாகக் கட்டினால் போதும், ஊர் மாறினால் நம்பர் மாறாது. எங்கள் டீமில் ஒரு திருநெல்வேலிப் பையன் வைத்திருக்கிறான். அவன் எந்த ஊர் என்று பிளேட்டைப் பார்த்து யாருக்கும் தெரியாது. அவனுக்கு வேறு கவலை. 2023 ஜூனிலிருந்து கேரளம் 726 கேமரா வைத்து அபராதம் போடுகிறது. மதுரைப் பழக்கத்தில் பின்னால் உட்கார்ந்தவருக்கு ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போய் முதல் மாதமே இரண்டு சீட்டு வாங்கிவிட்டான்.

ஆல்ட்டோவுக்கு அதே 2023இல் பதினைந்து வருஷம் முடிந்தது. விற்றுவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு. எனக்கு மனசு வரவில்லை. பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"மறுபடி நம்பர் மாறுமாடா?"

"இல்லப்பா, அதே கேஎல்தான்."

"சரி, அந்த நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் குடு" என்றார். பதினொரு வருஷமாக அவருக்கு அது மனப்பாடம் ஆகவில்லை.